இறங்காத மருந்து

ஐஸ் கம்பெனிக்காரனுக்கு வெயில்காலம் வந்தால் ரெண்டு பக்கமும் அடி. வெளியே வந்தால் தார் உருகிச் செருப்பைப் பிடித்து இழுக்கும். உள்ளே போனால் விரல் மரத்துப்போய்ச் சட்டைப் பித்தானைக்கூடப் போட முடியாது. நான் அங்கே கம்ப்ரஸர் ஓட்டினேன். அதனால் என்னை எல்லாரும் மோட்டார் என்றுதான் கூப்பிடுவார்கள். தகர டின்களில் தண்ணீர் நிரப்பி உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் வரிசையாக இறக்கிவிட்டால் மறுநாள் கல்லாக உறைந்து நிற்கும். டின்னைத் தூக்கிச் சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிச் சாய்த்தால், ஐம்பது கிலோ ஐஸ் பார் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். வருகிற வேகத்திலேயே அதைக் கொக்கியால் குத்தித் திருப்பி லாரிவரைக்கும் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு நொடி அசந்தால் கால்விரல் போச்சு.

அந்த வேலையில் ஒருத்தனை மிஞ்ச ஆள் கிடையாது. முழ நீள இரும்புக் கம்பி, நுனியில் வளைவு, அடியில் மரப்பிடி. அது அவன் கையில் ஆறாவது விரல் மாதிரி இருக்கும். அவனுக்குப் பெயரே கொக்கி. நாய்க்குட்டியை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஐஸ் பாரை இழுத்துக்கொண்டு போவான். கோபம் வந்தாலும் அதே கொக்கிதான். ஒருமுறை வரிசையை மீறி வண்டியை உள்ளே விட்ட டிரைவரைச் சட்டைக் காலரில் மாட்டி, ஈரத் தரையில் பத்தடி இழுத்துக்கொண்டு போனான். அவனோடு யாரும் வம்புக்குப் போவதில்லை. ஆனால் ஒருத்தனுக்கு அடிபட்டால் முதலில் தூக்குகிறவனும் அவன்தான்.

கம்பெனிக்குப் பின்னால் ஒரே கூரைக்குக் கீழே எட்டு வீடுகள். கொக்கிக்கு மூன்றாவது வீடு. அவன் பெண்சாதி ஒரு வருஷம் இருந்து பார்த்துவிட்டுத் தாய்வீட்டோடு போய்விட்டாள். நாலாவது வீடு அவன் தங்கச்சியுடையது. அவள் சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறவள். ஒரு நாளைக்கு இருநூறு காலர். கழுத்து வளைவில் தையல் ஒரு நூல் பிசகினாலும் பிரித்துப்போட்டுவிட்டு மறுபடி தைப்பாள். அவளுடைய வீட்டுக்காரர் பேக்கரி வண்டி ஓட்டுகிறவர். ரொட்டிக்காரர் என்றால் எல்லாருக்கும் தெரியும். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசுவார். கருகிப்போன ரொட்டிகளைத் தினமும் பையில் போட்டுக்கொண்டு வருவார். "எங்க வீட்டுல அடுப்பு எரிய வேண்டாம், மாப்பிள்ளையே எரிச்சுக் கொண்டாந்துடறாரு" என்று கொக்கி கிண்டல் பண்ணுவான். அவர் சிரிப்பார், அவ்வளவுதான். ரெண்டு வீட்டுக்கும் ஒரே சாப்பாடு. எனக்கு அஞ்சாவது வீடு, ஒண்டிக்கட்டை. பல நாள் என் தட்டும் அங்கேதான்.

இவர்களுக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான். கூரை வேய்கிற வேலை. ஏழு வருஷம் முன்னால் ஓடு சறுக்கிக் கீழே விழுந்து கால் எலும்பு முறிந்தது. சின்ன ஆபரேஷன், ஒரு மணி நேரம் என்று உள்ளே கொண்டுபோனார்கள். மயக்கம் கொடுத்தவன் தெளியவே இல்லை. சாயங்காலம் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அன்றைக்குக் கொக்கி கையைக் கட்டிக்கொண்டு "சார், சார்" என்று ஒவ்வொரு கதவாகப் போய் நின்றான். ஒருத்தரும் முகம் பார்த்துப் பதில் சொல்லவில்லை. அண்ணனைத் தானே தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அதற்கப்புறம் அந்தப் பேச்சு எடுத்தாலே ஒன்றுதான் சொல்லுவான்: அன்னைக்கு ஒருத்தனையாவது அடிச்சிருக்கணும்.

தங்கச்சிக்கு வயிற்றுவலி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில். முதலில் தொப்புளைச் சுற்றி, அப்புறம் வலது பக்கம் கீழே. கால் நீட்ட முடியவில்லை. ரொட்டிக்காரர் பேக்கரி வண்டியிலேயே, ரொட்டித் தட்டுகளை இறக்கிவைத்துவிட்டு, அவளைப் படுக்கவைத்துக் கொண்டுபோனார். கொக்கியும் நானும் பின்னாலேயே போனோம். மூன்று மாடித் தனியார் ஆஸ்பத்திரி. குடல்வால் வீங்கியிருக்கிறது, இன்றைக்கே எடுக்கணும், வெடித்தால் உயிருக்கு ஆபத்து என்றார் ஆபரேஷன் பண்ணுகிற டாக்டர்.

மயக்கம் கொடுக்க ஒரு டாக்டரம்மா வந்தார்கள். நாற்பது வயது இருக்கும், ஒல்லியான உடம்பு, கையில் ஒரு காகித அட்டை. கட்டிலோரம் உட்கார்ந்து நிறையக் கேட்டார்கள். ஆஸ்துமா உண்டா, மருந்து எதுவும் ஒத்துக்காமல் போயிருக்கிறதா, பல் ஆடுகிறதா. பிறகு, குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து கொடுத்து ஏதாவது ஆகியிருக்கிறதா என்று கேட்டார்கள்.

தங்கச்சி அண்ணன் முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அதற்குள் கொக்கி, "எங்க வம்சத்துல யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா" என்றான்.

டாக்டரம்மா இன்னொரு தடவை கேட்டார்கள். தூரத்துச் சொந்தமானாலும் பரவாயில்லை, சொல்லுங்க என்றார்கள். அவன் அதையேதான் சொன்னான். ஏன் அப்படிச் சொன்னான் என்று பின்னால் என்னிடம் சொன்னான். மூத்தவன் கதையைச் சொன்னால், இங்கே முடியாது, பெரிய ஊருக்குக் கொண்டுபோ என்று தள்ளிவிடுவார்கள், வழியிலேயே வெடித்துவிடும் என்று பயம். அதோடு, உள்ளே போகிறவள் காதில் விழுகிற மாதிரி செத்தவன் பேச்சை எப்படி எடுப்பது? ரொட்டிக்காரருக்குக் கல்யாணத்துக்கு முந்தின கதை முழுசாகத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் சும்மா இருந்தேன்.

ஒன்பதரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பத்தே காலுக்கு ஆபரேஷன் டாக்டர் வெளியே வந்து, எடுத்தாச்சு, நல்லபடி முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் எதிர்க்கடையில் டீ குடித்தோம். பதினொன்றாகியும் அவளைக் கொண்டுவரவில்லை. கொக்கி கதவைத் தட்டினான். டாக்டரம்மா தலையை நீட்டி, மருந்து இறங்க நேரமாகிறது, மெஷின் மூச்சு கொடுத்துக்கொண்டிருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று பொறுமையாகத்தான் சொன்னார்கள். அவன் காதில் "மூச்சு" என்கிற ஒரு சொல் மட்டும்தான் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தரை துடைக்கிற ஆள் ஒருத்தன் பக்கத்தில் வந்து, "உள்ள அந்தப் பொண்ணு தானா மூச்சு விடலைங்க" என்று குசுகுசுத்தான்.

கொக்கி கத்தவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டான். "என் தங்கச்சியக் கொன்னுட்டானுங்க. வாங்க." அவ்வளவுதான் சொன்னான்.

இருபது பேர் ஐஸ் லாரியிலேயே வந்து இறங்கினார்கள். கையில் கொக்கி, டின் தள்ளுகிற கடப்பாரை, ஐஸ் உடைக்கிற மரச்சுத்தி. ஈரம் சொட்டுகிற ரப்பர் செருப்போடு அப்படியே வந்தார்கள். அவர்களைப் பார்த்துத் தெருவில் சும்மா நின்ற முப்பது நாற்பது பேர் சேர்ந்துகொண்டார்கள். யாருக்கு என்ன ஆச்சு என்று அவர்களுக்குத் தெரியாது. ஊர் வீடு எரிந்தால் பீடி பற்றவைக்கிற கூட்டம். முதல் கல் மருந்துக்கடைக் கண்ணாடியில் விழுந்தது. அப்புறம் யார் எதை உடைத்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. பலகை, நாற்காலி, குழாய், எல்லாம். ஆபரேஷன் டாக்டர் பின்பக்க மாடிப்படியில் இறங்கி ஓடினார். நோயாளிகள் கட்டிலுக்கடியில் நுழைந்தார்கள்.

ஆபரேஷன் அறைக் கதவைக் கடப்பாரையால் நெம்பி உள்ளே போனவர்களில் முதல் ஆள் கொக்கி, ரெண்டாவது ஆள் நான். நான் பின்னால் நின்றேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நிற்கவில்லை.

அறை சில்லென்றிருந்தது. தங்கச்சி மல்லாந்து கிடந்தாள். கண்ணிமை ரெண்டையும் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள். வாய்க்குள் ஒரு குழாய், அது ஒரு மெஷினுக்குப் போனது. மெஷின் உஸ்ஸென்று ஊத, அவள் நெஞ்சு ஏறியது. கையில் ஒரு குழாய் வழியாகத் தூக்க மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு கட்டிலுக்கு முன்னால் நின்றார்கள். அவள் உயிரோட இருக்கா, தொடாதீங்க என்று சொன்னார்கள். கூட இருந்த சிஸ்டர் பக்கத்து மருந்தறைக்குள் ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. செத்த உடம்பை மெஷினில் மாட்டிவைத்துக்கொண்டு உயிர் இருக்கிறதென்று ஏமாற்றுவார்கள் என்று. எனக்கு அந்த நேரம் அதுதான் மண்டைக்குள் ஓடியது. "இது ஓடறதாலதான் நம்மள ஏமாத்தறாங்க" என்று சொல்லிக்கொண்டே அந்த மெஷினை ரெண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். சக்கரம் வழுக்கி அது குப்புற விழுந்தது. குழாய்கள் பிய்ந்தன. கையில் ஏறிக்கொண்டிருந்த தூக்க மருந்தும் பிடுங்கிக்கொண்டு வந்தது. மெஷின் ஒரு குழந்தை வீரிடுகிற மாதிரி கத்தியது. யாரோ சுத்தியால் அதன் தலையில் போட்டதும் நின்றது.

டாக்டரம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய பந்து மாதிரி ஒரு ரப்பர் பையை எடுத்துத் தங்கச்சி வாயிலிருந்த குழாயில் செருகி அமுக்கத் தொடங்கினார்கள். கொக்கிக்கு அது இன்னொரு நாடகமாகத் தெரிந்தது. லாரியில் வந்தவர்களிடம் வாங்கியிருந்த கொக்கியைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கக் கம்பியால் அந்தக் கையில் அடித்தான்.

ஐஸ் பார் பிளக்கிற சத்தம் எனக்குப் பழக்கம். இந்தச் சத்தம் அதைவிடச் சின்னது. முன்கை நடுவில் மடங்கிப்போயிற்று. டாக்டரம்மா ஒரே ஒரு தடவை கத்தினார்கள். பை நழுவிக் கீழே போகிறதுக்குள் இடது கையால் பிடித்துக்கொண்டார்கள். அமுக்கினார்கள். மறுபடி அமுக்கினார்கள். அவன் மறுபடி கையை ஓங்கினான்.

"இந்தக் கையையும் எடுத்தா உன் தங்கச்சி செத்துடுவா. அடிக்கணும்னா முதுகுல அடி."

அதைச் சொல்லிவிட்டு அவன் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு குனிந்து அமுக்கினார்கள். அவன் அடித்தான். ரெண்டு அடி, தோளில் ஒன்று, இடுப்புக்கு மேலே ஒன்று. மூன்றாவது விழுகிறதுக்குள் ரொட்டிக்காரர் உள்ளே வந்துவிட்டார். அவர் கொக்கியைப் பார்க்கவில்லை, பெண்சாதியைத்தான் பார்த்தார். அந்த அம்மா அமுக்கினால் நெஞ்சு ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. உதடு சிவப்பாக இருக்கிறது. அவர் ஓங்கின கம்பியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், நெஞ்சு ஏறுது பாருங்க. செத்தவளுக்கு உதடு செவக்குமா?"

கொக்கி பார்த்தான். கம்பியை விட்டான். அது தரையில் விழுந்து உருண்டது.

டாக்டரம்மா பையை விடாமலே முக்காலியில் உட்கார்ந்தார்கள். முகம் காகிதம் மாதிரி வெளுத்துவிட்டது. இடது கையால் அதற்கு மேல் அமுக்க முடியவில்லை. கொக்கியைப் பார்த்து, வா, நீ பிடி என்றார்கள். அவன் அசையவில்லை. "நீதான் இருக்கறதுலயே பெரிய கை. வந்து பிடி." அவன் வந்து பிடித்தான். ஒன்று என்று அமுக்கு, ரெண்டு மூணு நாலு என்று விடு, வேகமாகவும் வேண்டாம், முழுசாகவும் பிழியாதே என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஐம்பது கிலோவை இழுக்கிற கை முதலில் பையை நசுக்கியது. நாலைந்து தடவையில் படிந்துவிட்டது.

வெளியே கூட்டம் அடங்கவில்லை. ஆம்புலன்ஸுக்குத் தீ வைத்துவிட்டார்கள், ரப்பர் எரிகிற நாற்றம் மாடிவரைக்கும் வந்தது. பிணத்தைக் கேட்டு வாங்குவோம் என்று கத்திக்கொண்டு ஒரு பத்துப் பேர் கதவுக்கு வந்தார்கள். ரொட்டிக்காரர் தள்ளுகட்டிலைக் குறுக்கே போட்டுவிட்டு வாசலில் நின்றார். நானும் நின்றேன். அவள் உயிரோடதான் இருக்கா என்று அவர் சொன்னதை ஒருத்தனும் காதில் வாங்கவில்லை. செங்கல் ஒன்று அவர் வாயில் விழுந்தது. முன்பல் ரெண்டு தரையில் கிடந்தன. எங்கள் கம்பெனி ஆள் ஒருத்தன், அவரோடு உட்கார்ந்து எத்தனையோ தடவை டீ குடித்தவன், விலகுய்யா என்று சொல்லி அவர் தோளில் கொக்கியை மாட்டி இழுத்தான். சதை கிழிந்தது. அவர் தள்ளுகட்டிலை விடவில்லை.

அதைப் பார்த்ததும் கொக்கிக்கு வெறி வந்துவிட்டது. கட்டிலை விட்டு நகராமலே வாசலைப் பார்த்துத் திரும்பினான். வாசலில் நின்ற ஒவ்வொருத்தனையும் பெயர் சொல்லி, அவனவன் ஆத்தாளையும் அப்பனையும் இழுத்து, எவனுக்கு எப்போது சோறு போட்டான், எவனை எந்தத் தொட்டியிலிருந்து தூக்கினான் என்று ஒன்று விடாமல் திட்டினான். டாக்டரம்மா "கை, கை" என்று கூப்பிட்டார்கள். பையை அவன் பிடியிலிருந்து பிடுங்க முடியாமல், இருக்கிற ஒரு கையால் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அவன் திட்டி முடித்துவிட்டுத்தான் திரும்பினான். திட்டு வாங்கினவர்கள் எங்கள் ஆட்கள், அவன் குரலுக்குப் பழகினவர்கள். ஒவ்வொருத்தராகப் பின்வாங்கினார்கள். தெருக்கூட்டம் மட்டும் கீழே இன்னும் உடைத்துக்கொண்டிருந்தது. அவன் மறுபடி அமுக்கத் தொடங்கினான்.

சிஸ்டர் மெல்லக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அவளே டாக்டரம்மா கையை ரெண்டு அட்டை வைத்துக் கட்டினாள். தங்கச்சிக்குத் தூக்க மருந்தை மறுபடி ஏற்றினாள். மூன்றாவது குத்தில்தான் ரத்தக்குழாய் கிடைத்தது.

டாக்டரம்மா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கொக்கியிடம் கேட்டார்கள். இப்பவாவது உண்மையைச் சொல்லு, வீட்டில் யாருக்காவது இப்படி ஆச்சா?

அவன் பையை அமுக்கிக்கொண்டே சொன்னான். மூத்தவன் கதை முழுவதும். கூரை, கால், மயக்கம், துணி. ஒரு வாக்கியத்துக்கு ஒரு அமுக்கு.

"காலைல சொல்லியிருந்தா வேற ஊசி போட்டிருப்பேன்" என்றார்கள்.

பிறகு அவர்களே எங்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கினார்கள். குழாய் செருகுவதற்காக உடம்பிலுள்ள சதை எல்லாவற்றையும் கட்டிப்போடுகிற ஊசி ஒன்று உண்டு. சாதாரணமாக யாருக்கும் அஞ்சு பத்து நிமிஷத்தில் இறங்கிவிடும். ஏனென்றால் ரத்தத்தில் ஒரு சரக்கு இருக்கிறது, அது அந்த மருந்தைக் கரைத்துவிடும். ஆயிரக்கணக்கில் ஒருத்தருக்கு அந்தச் சரக்கு பிறவியிலேயே பழுது. அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி வருவது. ரெண்டு பாதியும் பழுதாக வந்தால் முழுப் பழுது. அந்த ஆளுக்கு வேறு எந்தக் குறையும் இருக்காது. ஓடுவார், மூட்டை தூக்குவார், நூறு வயது இருப்பார். அந்த ஒரு ஊசி போட்டால் மட்டும் மணிக்கணக்கில் அசைய முடியாது, மூச்சுவிட முடியாது. அதுவரை வேறு யாராவது மூச்சு கொடுத்தால் தானாக எழுந்துவிடுவார். கொடுக்காவிட்டால் செத்துவிடுவார்.

"அப்ப எங்க அண்ணன்?" என்று கேட்டான் கொக்கி.

இப்ப எப்படிச் சொல்லமுடியும் என்றார்கள்.

போலீஸ் வந்தபோது மணி ஒன்று. கீழே புகைக்குண்டு போட்டு, கண்ணில் பட்டவனையெல்லாம் அடித்துக்கொண்டே மேலே வந்தார்கள். எனக்கு முட்டியில் ஒரு அடி, உட்கார்ந்துவிட்டேன். அடித்தவன் எவன் என்று கேட்டார்கள். சிஸ்டர் கையை நீட்டிவிட்டாள். நாலு பேர் கொக்கி மேல் பாய்ந்தார்கள். லத்தி முதுகில், பிடரியில், தொடையில் விழுந்தது. அவன் குனிந்தான், வளைந்தான், ஒரு முட்டி தரையில் ஊன்றினான். கை மட்டும் பையை விட்டு நகரவில்லை. ஒன்று, ரெண்டு மூணு நாலு, ஒன்று. அடி விழுந்துகொண்டே இருக்க அவன் எண்ணிக்கொண்டே இருந்தான். டாக்டரம்மா எழுந்து குறுக்கே வந்து, அவரைத் தொடாதீங்க, அவர் இப்ப என் மெஷின் என்று சொன்ன பிறகுதான் லத்தி நின்றது. ஒரு போலீஸ்காரர் அவன் காலில் விலங்கு போட்டுக் கட்டில் காலோடு பூட்டினார். அப்படியே விட்டார்கள்.

ஐஸ் கம்பெனிக் குளிரில் வேர்க்காதவனுக்கு அன்றைக்கு மூக்குநுனியிலிருந்து வேர்வை சொட்டியது. விரல் இழுத்துக்கொண்டபோது நான் பத்து நிமிஷம் பிடித்தேன், சிஸ்டர் பத்து நிமிஷம் பிடித்தாள். மற்ற நேரமெல்லாம் அவன்தான். இன்னொரு ஆஸ்பத்திரியிலிருந்து மெஷின் வருகிறது என்றார்கள். கல்லும் தீயுமாகக் கிடந்த தெருவில் வண்டி நுழையவில்லை. டாக்டரம்மாவைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போக ஆள் வந்தது. அவள் அசையட்டும், வருகிறேன் என்று அனுப்பிவிட்டார்கள். கை வீங்கி, கட்டின துணி சதைக்குள் புதைந்துவிட்டது.

ரெண்டே முக்காலுக்குத் தங்கச்சியின் புருவம் துடித்தது. அப்புறம் இடது கைச் சுண்டுவிரல். கொக்கி எண்ணுவதை நிறுத்தவில்லை. மூன்றேகாலுக்கு அவளே ஒரு மூச்சை இழுத்தாள்; பை அவன் கைக்குள் தானாகச் சுருங்கியது. அவன் பயந்து டாக்டரம்மாவைப் பார்த்தான். அவர்கள் தலையாட்டினார்கள், தலையைக் கட்டிலில் சாய்த்துக்கொண்டு அழுதார்கள்.

குழாயை எடுத்ததும் அவள் தண்ணீர் கேட்டாள். கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது அண்ணனைத்தான். பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கொக்கியின் காலிலிருந்த விலங்கைப் போலீஸ்காரர்கள் கட்டிலிலிருந்து கழற்றி அவன் கையில் மாட்டிக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வர மூன்று வாரம் ஆயிற்று. தங்கச்சிக்கு முழுப் பழுது. ஜெயிலிலிருந்த கொக்கிக்கும் ரத்தம் எடுத்தார்கள். அவனுக்கும் முழுப் பழுதுதான்.

கேஸ் பதினாலு மாதம் நடந்தது. கொக்கி எல்லாவற்றையும் தானே செய்ததாக ஒத்துக்கொண்டான். கதவு, மெஷின், கை, ஆம்புலன்ஸ் உட்பட. நான் ஜாமீனில் வெளியே இருந்தேன். கூட்டத்தில் நின்றேன் என்பது மட்டும்தான் என் மேல் இருந்த கேஸ். அவன் ஒத்துக்கொண்டதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டு கம்ப்ரஸர் ஓட்டினேன். ரொட்டிக்காரர் வழக்கம்போலக் கருகின ரொட்டியை என் வாசலிலும் வைத்துவிட்டுப் போனார். அதைத் தின்றுகொண்டுதான் சும்மா இருந்தேன்.

தங்கச்சி சாட்சி சொல்ல வந்தாள். அன்றைக்கு மயக்கத்தில் இருந்தவளுக்கு என்ன தெரியும் என்று எங்கள் தரப்பு வக்கீல் கேட்டார். கதவு உடைகிற சத்தத்திலேயே தனக்கு அரைகுறையாகக் காது கேட்டது, தூக்க மருந்து பிடுங்கப்பட்ட பிறகு எல்லாம் தெளிவாகக் கேட்டது, கண்ணும் கையும் நாக்கும்தான் அசையவில்லை என்றாள். எலும்பு உடைந்த சத்தத்தையும் கேட்டேன் என்றாள். அண்ணனைக் காப்பாற்றத் தங்கச்சி பொய் சொல்வாள் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் நிறையப் பேர்.

"அந்த அம்மாவ அடிச்சது எங்க அண்ணன்தான். அப்புறம் எனக்கு மூச்சு கொடுத்ததும் அவன்தான். ரெண்டையும் எழுதிக்கோங்க" என்றாள்.

மெஷினை உடைத்ததும் அவர்தானா என்று கேட்டார்கள்.

"இல்ல. அப்ப வேற ஒரு குரல் கேட்டுச்சு. அது இந்த எடத்துலதான் இருக்கு. அதுவே சொல்லட்டும்."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. நேராக நீதிபதியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, நான் எழுந்து நின்றேன். நான்தான் என்றேன். கூண்டுக்குள்ளிருந்து கொக்கி, உட்கார்டா முட்டாள் என்று பல்லைக் கடித்தான்.

அவனுக்கு மூன்று வருஷம். எனக்கு ஒரு வருஷம். ஒரே ஜெயில்.

நாலாவது மாதம் அவள் பார்க்க வந்தாள். எங்கள் ரெண்டு பேரையும் சேர்த்தே கூப்பிட்டார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவளும் ரொட்டிக்காரரும். அவருக்குப் பல் கட்டியிருந்தார்கள். சிரித்தபோது வேறு யாரோ மாதிரி தெரிந்தார். ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டுவந்திருந்தார்கள். காவலர் ரொட்டியைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். டாக்டரம்மா அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஆளுக்கொரு அட்டை எழுதிக் கொடுத்திருந்தார்கள். இந்த ஆளுக்கு இந்த ஊசி போடக் கூடாது என்று பெரிய எழுத்தில். அவனுடையதை ஜெயில் டாக்டரிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். கொக்கி அந்த அம்மாவின் கை எப்படி இருக்கிறது என்று கேட்டான். ரெண்டு ஆபரேஷன் ஆகிவிட்டது, கட்டைவிரல் மடங்கவில்லை, ஆபரேஷன் அறைக்குப் போக முடியாமல் இப்போது படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார்கள் என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எம்மேல இன்னும் கோவமா பாப்பா?" என்றான்.

"கோர்ட்டுல சொல்லிட்டேன்ல. அது அதோட போச்சு." கம்பி வலையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு மட்டும் அங்க சொல்லல."

அவன் நிமிர்ந்தான்.

"வாசல்ல நின்னவங்களப் பாத்துத் திட்டின பாரு, அப்ப கையை நிறுத்திட்ட. எனக்குக் காத்து வரல. விரலக்கூட அசைக்க முடியல. அந்த அம்மா உன்னக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. நீ திட்டிக்கிட்டே இருந்த."

"எவ்வளவு நேரம்டி?"

"நீ திட்டி முடிக்கிற வரைக்கும்."

ரொட்டிக்காரர் அவள் தோளைத் தொட்டார். நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். போய்ட்டு வரேண்ணா என்று சொல்லிவிட்டுப் போனாள். என்னிடமும் தலையாட்டினாள்.

திரும்பி வரிசையில் நடக்கும்போது கொக்கி என்னிடம், அன்னைக்கு யார் யாரைத் திட்டினேன், நீ வாசலில்தானே நின்றாய் என்று கேட்டான். ஞாபகமில்லை என்றேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவனுக்கும் இருந்தது போலிருக்கிறது. மூச்சை இழுத்து நெஞ்சில் நிறுத்திக்கொண்டு, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து, முதல் ஆளிலிருந்து ஒவ்வொருத்தனாகத் திட்டிக்கொண்டே வந்தான். பாதி ஆள் தாண்டுகிறதுக்குள் கழுத்து நரம்பு புடைத்து, கண் சிவந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து இழுத்தான்.

காவலர் நகரச் சொன்னார். அவன் சுவரை விட்டுவிட்டு, மறுபடி மூச்சை இழுத்துப் பிடித்தான். முதல் ஆளிலிருந்து தொடங்கினான்.